கையெழுத்து விழாத அழைப்பு

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்கு நான் போனபோது மதியம் மூன்று மணி. குற்றாலத்தில் சீசன், தென்காசி முழுக்கச் சாரல். பகலிலேயே லைட் போட வேண்டிய இருட்டு. கிளார்க் பாண்டியராஜ் பதிவறைச் சாவியை நீட்டினான்.

"அஞ்சு மணிக்கு ஃபைல் போயிரும் யக்கா. வெரசா எடுத்துட்டு வாங்க."

நான் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர். டூட்டி முடிந்து வீட்டுக்குப் போன பிறகும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் பதினோரு வருஷமாக ஓடி வந்தவள். அதற்கு ஒரு பைசா தந்ததில்லை. நாயாய்ப் பேயாய் அலைந்து மனு மேல் மனு போட்டு, இப்போதுதான் தருகிறோம் என்றார்கள். அழைப்புப் புத்தகங்களைக் காட்ட வேண்டும். ஒரு அழைப்பைக்கூடத் தவறவிடவில்லை என்று எழுதியும் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை என் வீடு ஏலத்துக்கு வருகிறது. ஃபைல் போன சீட்டைக் காட்டினால் தள்ளி வைப்பதாக வங்கியில் சொல்லியிருந்தார்கள்.

நான் ஒரே ஒரு அழைப்பைத் தவறவிட்டிருந்தேன்.

போனில் சொன்னாலும், நேரம் எழுதிய புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கையெழுத்து வாங்க வேண்டும். அதுதான் ஆஸ்பத்திரி வழக்கம். கொண்டுவருபவர் காக்கிச் சட்டை போட்ட ஆஸ்பத்திரிப் பியூன் இசக்கியப்பன் அண்ணாச்சி. மேலகரத்தில் என் வாசலில் நின்று சைக்கிள் மணியை இரண்டு முறை அடிப்பார். "ஏம்மா சங்கரேஸ்வரி, கேசு வந்திருக்கு!"

நாலு வருஷத்துக்கு முன் இதேபோல ஒரு சாரல் ராத்திரி. அன்றைக்கு அது மூன்றாவது கேஸ். மணி அடித்தது கேட்டது. போனை அணைத்துவிட்டுப் போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டேன். அண்ணாச்சி திரும்பிப் போயிருக்கிறார். மறுபடியும் அனுப்பியிருக்கிறார்கள். அந்த இரண்டாவது நடையில்தான் லாரி அடித்து, அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

விசாரணையில், "யாரும் வரலை," என்று சொன்னேன். சொன்னால் மெமோ வருமே என்ற பயம். கையெழுத்து இல்லாத அழைப்பு கணக்கில் சேராது, அவர் டூட்டியில் இருந்ததற்குச் சாட்சி இல்லை என்று முடித்துவிட்டார்கள். அவர் மனைவி முப்பிடாதியம்மாளுக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. பாவி நான், அவள் அழுததைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

இப்போது அந்தப் பக்கத்தைக் கிழிக்கத்தான் வந்திருந்தேன்.

பதிவறையில் டெட்டால் நெடி. அதற்கு அடியில் இன்னொரு வாடை, நனைந்த காக்கிச் சட்டை வாடை. அந்த வருஷத்துப் புத்தகம் ஊறி உப்பிப்போய் இருந்தது. பக்கத்தைக் கண்டுபிடித்தேன். அண்ணாச்சியின் கோணல் எழுத்து. முதல் அழைப்பு 1.20. இரண்டாம் அழைப்பு 1.55. எதிரே இரண்டு கட்டமும் காலி.

கிழித்துப் பைக்குள் திணித்தேன்.

சைக்கிள் மணி அடித்தது.

இரண்டு முறை.

வெளியே இல்லை. அறைக்குள், அலமாரிக்குப் பின்னால்.

புத்தகங்களை அள்ளிக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே ஈர டயர் தரையில் ஒட்டி ஒட்டி உருளும் சத்தம். நான் நின்றால் அதுவும் நின்றது. பாண்டியராஜின் மேஜையில் புத்தகங்களைப் போட்டபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவன் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினான்.

"இது என்னக்கா? மை காயவே இல்ல!"

நான் கிழித்த பக்கம் புத்தகத்திலேயே இருந்தது. இரண்டு வரிக்கும் கீழே புதிதாக ஒரு வரி. அதே கோணல் எழுத்து.

மூன்றாம் அழைப்பு 3.40. இன்றைய தேதி.

பைக்குள் கையை விட்டேன். ஈரம்தான் இருந்தது.

என் காதோரம் காக்கி வாடை அடித்தது.

"கையெழுத்துப் போடும்மா. எம் பொண்டாட்டிகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?"

பாண்டியராஜுக்கு அது கேட்கவில்லை. நான் பேனாவை எடுத்தேன். 'இசக்கியப்பன் வந்தார். மணி அடித்தார். எனக்குக் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை' என்று எழுதி, மூன்று கட்டத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

"ஐயோ, என்ன காரியம் செய்யுதிய! மனு செல்லாதுக்கா! வீடு போயிருமே!"

"போகட்டும்லே!" என்று கத்திவிட்டு, அந்த மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன்.

வீடு போய்விட்டது. மெமோவும் வந்தது. முப்பிடாதியம்மாளுக்கு நஷ்டஈடு கிடைத்தது. என் முகத்தில் அவள் இன்றுவரை விழிக்கவில்லை. அதைக் கேட்க எனக்கு வாயும் இல்லை.

இப்போது இலஞ்சியில் வாடகை வீடு. அழைப்புப் புத்தக வழக்கத்தையே எடுத்துவிட்டார்கள், எல்லாம் போன்தான். கூப்பிட்டால் இன்னும் போகிறேன். இன்னும் சும்மாதான். ஆனால் போன் அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. வாசலில் மணி இரண்டு முறை கேட்கும். முதல் மணிக்கே எழுந்துவிடுகிறேன்.

கதவைத் திறந்தால் யாரும் இருப்பதில்லை. மழையே இல்லாத நாளிலும் சிமெண்டுத் தரையில் சைக்கிள் டயரின் ஈரக்கோடு படியைத் தாண்டி என் கட்டில்வரை வந்திருக்கும். திரும்பிப் போன தடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.