வேடியப்பன் கத்தி உறை

ஆடி மாதத்து ஒரு காலை. காவலூர் துணை சுகாதார நிலைய வாசலில் கொல்லர் துரைக்கண்ணு மூச்சிரைக்க வந்து நின்றபோது, நர்ஸ் அம்சவல்லி ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ராஜ்தூத் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் சேட்டு, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டான். யாருக்கும் இல்லை என்றதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் தொலைந்த கோழி முதல் தாலிக்கொடி வரை கண்டுபிடித்துக் கொடுப்பவள் அம்சவல்லி. அந்தப் பெருமையில் பாதி தன்னுடையது என்பது சேட்டுவின் எண்ணம், வண்டி அவனுடையதாயிற்றே!

"நர்சம்மா, வேடியப்பன் கத்தி காணோம். அதாவுல்லா பாய் மேல பழியப் போட்டு, பூசாரி வூட்டுல உக்கார வெச்சிருக்காங்க. இன்னிக்கு சாமிக்குப் பொங்கல் வெக்கிறதுக்குள்ள கத்தி கெடைக்கலன்னா போலீசுல குடுத்துடுவாங்களாம்."

துரைக்கண்ணுவின் ஊரான வேங்கைப்பட்டில் ஒரு நடுகல் இருக்கிறது. அதில் நிற்கும் ஊர்க்காவல் சாமி வேடியப்பன் கையில் நடு அகன்று நுனி வளைந்த கத்தி. அதே வடிவில் திருவிழாவுக்கு ஒரு கத்தி அடித்தவர் துரைக்கண்ணு. உறை செய்ய வாணியம்பாடித் தோல்காரர் அதாவுல்லாவை அழைத்து வந்தவரும் அவர்தான். கூட்டி வந்து மாட்டிவிட்டோமே என்று அவர் கண் கலங்கியது.

"உறைய எப்டி செஞ்சாரு?" என்றாள் அம்சவல்லி.

"ஆவாரம்பட்டையிலயும் கடுக்காயிலயும் பதம் பண்ண தோலும்மா. அத ஊற வெச்சி, கத்தி மேல மெழுகுத்துணி சுத்தி, தோல அது மேல இறுக்கித் தெச்சாரு. நெழல்ல காஞ்சதும் கத்தி வடிவத்துக்கே நின்னுச்சு. அப்புறம் வெளிப்பக்கம் தேன்மெழுகு தடவுனாரு. நேத்து சாயந்தரம் பூசாரி கையில குடுத்தாரு. பஸ்ஸு போய்ட்டதால அங்கியே படுத்துட்டாரு."

"மெழுகுத்துணி எதுக்கு?"

"ஈரத்தோல்ல இரும்பு படக்கூடாதுன்னாரு. ஏன்னு நான் கேக்கல."

வேங்கைப்பட்டில் பூசாரி கோபால்சாமியின் வீட்டுக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. உள்ளே ஒரு மூலையில் அதாவுல்லா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். வெற்று உறை சாமி மாடத்தில் கிடந்தது. அம்சவல்லி அதை எடுத்து வெளிப்பக்கம் தடவிப் பார்த்தாள், காய்ந்திருந்தது. உறையின் வாய்க்குள் விரலை விட்டாள். உள்ளே ஈரம். விரலை எடுத்து முகர்ந்துவிட்டு உறையைச் சேட்டுவிடம் நீட்டினாள். அவனும் முகர்ந்தான்.

"மஞ்சள் வாசனை. உள்ள மை கொட்டுன மாதிரி கறுப்பு. அம்சா, இது விஷமா இருக்குமோ?"

"சும்மா இருங்க."

உறையை அதாவுல்லாவிடம் கொடுத்தாள். அவர் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே ஒரு பார்வை பார்த்தார். சட்டென்று கீழே வைத்துவிட்டார். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார். தன் கைவேலை பாழாகிக் கிடக்கிறது, அவர் கோபப்படவே இல்லை. அதுதான் அம்சவல்லிக்கு உறுத்தியது.

பூசாரியின் மருமகள் பாஞ்சாலை சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். வாங்கும்போது அவள் விரல்களைக் கவனித்தாள் அம்சவல்லி. நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"இன்னாம்மா இது?"

"கடுக்காய் உடைச்சேங்க."

பாஞ்சாலை உள்ளே போனதும் சேட்டு மனைவியின் காதருகே குனிந்தான். "கடுக்காயா? மாசியில பறிச்சத எல்லாம் பங்குனியிலயே லாரி ஏத்தியாச்சே. இந்த வூட்டு மூட்டையத் தூக்கிவிட்டதே நான்தான்." அன்றைக்கு அவன் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

அம்சவல்லி சம்பந்தப்பட்டவர்களை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தச் சொன்னாள். பூசாரி, அவர் மனைவி மங்கம்மாள், பாஞ்சாலை, துரைக்கண்ணு, அதாவுல்லா. வெளியே நின்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

"திருடன் கத்திய உறையோட தூக்கினு போவான். உருவி எடுத்துட்டு உறைய மாடத்துல பத்திரமா வெக்க மாட்டான்" என்று தொடங்கினாள். "உறைக்கு வெளிய மெழுகு, ஈரம் ஏறாது. ஆனா உள்ள நனைஞ்சிருக்கு. வாய் வழியா மஞ்சத்தண்ணி ஊத்தி, ஈரத்தோடயே கத்திய உள்ள சொருவி வெச்சிருக்காங்க. கடுக்காய அரிஞ்சா அருவாளும் கையும் இன்னா ஆவும்?"

"கறுத்துப் போவும்" என்றாள் மங்கம்மாள்.

"இந்தத் தோலும் கடுக்காயில ஊறுனதுதான். ராத்திரி பூரா உள்ள இருந்த கத்தி கறுத்துப் போயிருக்கும். மெழுகுத்துணி சுத்தி வேலை செய்யற பாய் இந்தத் தப்ப பண்ண மாட்டாரு. காலையில கறுப்பப் பார்த்து பயந்துபோன யாரோ கத்திய ஒளிச்சு வெச்சிருக்காங்க. பூசாரி, நேத்து உறை வந்ததும் நீங்க இன்னா சொன்னீங்க?"

"தோலாச்சே, சாமி கிட்ட போறதாச்சே, மஞ்சத்தண்ணியில சுத்தம் பண்ணி வெய்யின்னு..." கோபால்சாமி பாதியில் விட்டு மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தாங்க ஊத்துனேன்!" அதாவுல்லா அவசரமாக எழுந்தார். "காதுல வுழுந்துச்சு, நானே செஞ்சுட்டேன். தப்பு என்னுது."

"பொய்!" பாஞ்சாலை கதறிவிட்டாள். "நான்தான் மாமா. காலையில பார்த்தா சாமி கத்தி கறுத்துக் கெடந்துச்சு. கையால தேச்சுப் பார்த்தேன், போவல. அபசகுனம்னு சொல்லி என்ன வெரட்டிடுவீங்கன்னு சாமைக் குதிர்ல போட்டுட்டேன். பாய புடிப்பாங்கன்னு தெரியாது மாமா. புடிச்சப்புறம் வாயத் தொறக்க தெம்பு இல்ல."

துரைக்கண்ணு ஓடிப்போய்க் குதிரில் கொட்டியிருந்த சாமைக்குள் கையை விட்டுக் கத்தியை எடுத்து வந்தார். அம்சவல்லி ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்து அலகில் தேய்த்தாள். கறுப்பு கரைந்து, மங்கலாக இரும்பு தெரிந்தது. துரைக்கண்ணுவுக்கு உயிர் வந்தது. பாய் ஏன் பொய் சொன்னார் என்று சேட்டுவுக்குத்தான் குழப்பம்.

"பாய், உள்ள பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. ஏன் சொல்லல?" என்றாள் அம்சவல்லி.

"காலையில கூழ் ஊத்துறப்ப இந்தப் பொண்ணோட கையப் பார்த்தேங்க. நகக்கண்ணெல்லாம் கறுப்பு. நான் ஆம்பள, நாலு அடி வாங்கிட்டு ஊரு போய்ச் சேருவேன். இது எங்க போவும்?"

பாஞ்சாலைக்குத் தாய் தகப்பனும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. வேடியப்பன் திருவிழாவுக்கு மருமகளின் அண்ணன் தம்பி வந்தால் புதுத்துண்டு போர்த்தி முதல் பந்தியில் உட்கார வைப்பது அந்த ஊர் வழக்கம். கல்யாணமாகி வந்த நாளாக அவள் பக்கம் அந்தத் துண்டை வாங்க ஆள் வந்ததில்லை.

கோபால்சாமி கதவைத் திறந்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது.

"கத்தி கெடைச்சிடுச்சு. நான் சொன்ன வேலையால வந்த வெனை, என் தப்பு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "மங்கம்மா, புதுத்துண்டு ஒண்ணு எடுத்துனு வா. நம்ம மருமவளுக்குப் பொறந்த வூட்டு ஆளு வந்திருக்காரு."