சுத்தி இறங்கவில்லை

பீரோவிலிருந்து எடுத்த கைத்துப்பாக்கியை மேசைமேல் வைத்துத் துணியைப் பிரித்தபோது, அதன் பின்பக்கச் சுத்தி மேலே தூக்கி நிற்பதைத் திருமூர்த்தி பார்த்தான். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அது திரும்பி வந்த அன்று, அவனேதான் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சுத்தியைக் கீழே இறக்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பூட்டி வைத்தான். சாவி அன்றிலிருந்து அவன் அரைஞாண் கயிற்றில்தான் கிடக்கிறது.

நாளைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கத் தாலுகா ஆபீசில் இதைக் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பீரோ இருக்கும் பக்கம் அவன் தலைவைத்தும் படுக்க மாட்டான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போயிருந்தது. செக்கு நின்று ஆட்கள் போய்விட்ட எண்ணெய் மில்லிலிருந்து கொப்பரையின் தித்திப்பும் கமறலும் கலந்த வாடை ஜன்னல் வழியாக வந்து, அரிக்கேன் விளக்கின் புகையோடு சேர்ந்து தொண்டையில் படிந்தது. காங்கேயத்து மார்கழிக் குளிரில் தாழ்வாரத்து டின்களிலெல்லாம் தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது.

குழலைச் சுவருக்குத் திருப்பி, மூச்சை அடக்கி, விசையை இழுத்தான். சுத்தி விழவில்லை. தோட்டா போடும் உருளையைத் திருப்பினான், அசையவில்லை. திறக்கப் பார்த்தான், வரவில்லை. இடுக்கில் வெள்ளையாக எதுவோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்தான்.

தேங்காயெண்ணெய்.

அந்த எண்ணெயை இதற்குள் விட்டவன் அவன்தான். ஆனால் அது போன வருஷத்து ஆயுத பூஜையில். செக்குக்கும் தராசுக்கும் லாரிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது துப்பாக்கிக்கும் வைத்தார்கள். துப்பாக்கிக்கென்று வாங்கியிருந்த எண்ணெய் தீர்ந்திருந்தது. எண்ணெய் மில் வீட்டில் எண்ணெய்க்கா பஞ்சம் என்று சிரித்தபடி, சொந்த மில் எண்ணெயையே உள்ளே தாராளமாக விட்டுப் பளபளவென்று துடைத்து வைத்தான்.

மார்கழி வந்தது. ஒரு விடியலில் தோட்டத்துக்குள் பன்றி புகுந்ததென்று அண்ணன் காளிச்சாமி துப்பாக்கியோடு போனார். விசையை அழுத்தியும் வெடிக்காமல் வீட்டுக்குத் திரும்பி வந்து, வெந்நீர் அடுப்போரம் குந்தி, இதற்கு என்ன கேடு என்று பார்த்தார். எதையும் ஒற்றைக் கண்ணை இடுக்கி உற்றுப் பார்த்து, ஊதிவிடுவது அவர் வழக்கம். அடுப்புச் சூட்டில் உறைந்த எண்ணெய் உருகி, அதில் சிக்கி நின்ற சுத்தி விழுந்துவிட்டது.

பெண்டாட்டி ஏதோ பேசினாள், மனுஷன் சுட்டுக்கொண்டான் என்றது ஊர். எண்ணெய் சங்கதி திருமூர்த்திக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணன் மனைவிமேல் விழுந்த பழி போயிருக்கும். அவனுக்கு வாய் வரவில்லை. தன் முகத்தில் ஊர் காறித் துப்புமே என்ற பயம்.

கதவு கிரீச்சிட்டது. கங்கு நிறைந்த குமுட்டி அடுப்போடு பழனாத்தாள் நின்றாள். காளிச்சாமியின் மனைவி, அவனுக்கு நங்கை.

“குளுருல கை வெறச்சுப் போயிருக்குமுங்க தம்பி. கங்கு கொண்டாந்தேன்.” மேசைக்குக் கீழே வைக்கக் குனிந்தாள்.

“எடுங்க நங்கை! அதை வெளிய கொண்டு போயிருங்க!”

அவள் அவனையும் துப்பாக்கியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“ஊருக்குள்ள இன்னும் என்னையத்தான் சொல்றாங்க தம்பி. எங்கம்மா ஊட்டுல கூடக் கேக்கறாங்க, அன்னிக்கு என்னடி பேசினேன்னு. நான் ஒண்ணுமே பேசலீங்க. உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சாச் சொல்லிப்போடுங்க. கும்புட்டுக் கேக்கறேன்.”

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

“எனக்கென்னங்க தெரியும், நங்கை? கை தவறிப்போச்சு. அவ்வளவுதானுங்க.”

அவள் குமுட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் காலடிச் சத்தம் கூடத்தைத் தாண்டி அடுப்படியில் போய் அடங்கியது. கங்கு போன பிறகு அறை இன்னும் குளிர வேண்டும். ஆனால் அவன் முன்னங்கையில் மட்டும் இளஞ்சூடாக எதுவோ பட்டது. பட்டு, விலகி, மறுபடி பட்டது.

குனிந்து பார்த்தான். சுவரைப் பார்த்திருந்த குழல் இப்போது அவனைப் பார்த்திருந்தது.

நான்தான் திருப்பியிருப்பேன், அடுப்பைப் பார்த்த பதற்றத்தில் கை பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். உள்ளே தோட்டா கிடையாது. தோட்டாக்கள் தனி டப்பாவில், பீரோவின் மேல்தட்டில். உருளையின் ஓட்டைகளை விளக்கொளியில் உற்றுப் பார்த்தான். எல்லாம் வெறும் இருட்டு. குழலுக்கு நேரே நிற்கும் ஓட்டை மட்டும் தெரியவில்லை. அதைப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. அண்ணன் பார்த்த வழி.

மாட்டேன்.

எழுந்து ஓடிவிட நினைத்தான். கால் எழவில்லை. தொடைகள் தன்னுடையவை இல்லைபோல் மரத்துக் கிடந்தன.

உஃப்.

குழலின் வாயிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. பனிக்காலத்தில் மனிதன் வாயிலிருந்து வருமே, அந்த ஆவி. வெற்றிலையும் போயிலையும் மணத்தன. காளிச்சாமி போடும் அதே போயிலை.

உஃப்.

இடுக்கிலிருந்த வெள்ளை கண்ணாடியாகத் தெளிந்தது. ஒரு சொட்டு திரண்டு வேட்டித் துணியில் விழுந்தது. சுத்தி நகக்கண் அளவு இறங்கி நின்றது.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. அடுப்படியில் நங்கை பாத்திரம் கழுவும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கூப்பிடு தூரம்தான். “நான்தானுங்க நங்கை, நான்தான் எண்ணெய் விட்டேன்.” வாயைத் திறந்தான். குளிர்ந்த ஆவி மட்டும் வந்தது. குரல் வரவில்லை. ஒரு வருஷம் அடக்கி வைத்த குரல். அவசரத்துக்கு வரவில்லை.

இன்னொரு சொட்டு.

அவன் தலை தானாகக் குனிந்தது. பிடரியில் கை வைத்து யாரோ அழுத்துவதுபோல், மெதுவாக. குழலுக்கு நேரே. கண்ணை மூடப் பார்த்தான், மூடவில்லை.

குழலின் அடியில், ஈரமாக மினுங்கியபடி, ஒரு கண் இடுக்கிக்கொண்டு அவனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுத்தி இறங்கத் தொடங்கியது.