மாலாவின் இழுப்பறை

தொட்டியில் சத்தமில்லை.

அருங்காட்சியகத்தின் பின்னறையில், செத்த பறவைகளின் சதையைத் தின்று எலும்பை மட்டும் மிச்சம் வைக்கும் வண்டுகளைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தார்கள். அவை மெல்லுவது, ஈர விறகு எரிவதுபோல் நாள் முழுக்கச் சடசடக்கும். அந்த மழை மதியத்தில் கரண்ட் போய், கடல்காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டிருக்க, அந்துருண்டை நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு சுலோசனா குனிந்து பார்த்தாள். ஒரு வண்டுகூட இல்லை.

நேற்று அவள் அள்ளியது ஒரு கைப்பிடிதான். மாலாவின் பறவைகள் இருந்த இழுப்பறையில் போட்டாள்.

தட்டாஞ்சாவடியில் சித்தாளாகக் கல் சுமந்த சுலோசனா, இங்கே வந்து பறவையைத் தோலுரித்துப் பஞ்சடைத்துப் பாடம் செய்யக் கற்றுக்கொண்டாள். மாலா அவளுக்கு ரொம்பப் பின்னால் வந்தவள். ஏரிப் பறவைகளுக்கு வயலில் அடிக்கும் பூச்சிமருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று, பிரெஞ்சுக்காரர் காலத்துப் பறவைகளின் இறகோடு இப்போதைய இறகை ஒப்பிட்டார்கள். ஏரியைக் காப்பாற்ற அந்தச் சோதனைதான் சாட்சி. அருங்காட்சியகப் பொறுப்பாளர் விஜயராகவன் சார் அதற்கு எடுத்ததெல்லாம் மாலா பாடம் செய்தவை. இருப்பது ஒரே நிரந்தர வேலை. அதுவும் மாலாவுக்குத்தான் என்று பேச்சு. கேட்டதிலிருந்து சுலோசனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இழுப்பறையை இழுத்தாள். பறவைகள் வரிசையாக மல்லாந்து கிடந்தன. இறகு கலையவில்லை. வண்டையும் காணோம். முதலில் வயிற்றெரிச்சல்தான் வந்தது. பயம் அப்புறம்.

சடசட.

முன்னறையில்.

மாலா முதுகைக் காட்டி மேசையில் உட்கார்ந்திருந்தாள். கறிக்கடை வாடை.

"சாப்பிடப் போவலியாடி?"

"முடிச்சிட்டுப் போலாம்னுதாங்க்கா." குரல் எப்போதும்போல இருந்தது. "நேத்து என் டிராயரத் தொறந்தீங்களா?"

"நான் எதுக்குத் தொறக்கப்போறேன்?"

"சும்மா கேட்டேன். பாவம், பசியோட கெடந்துச்சுங்க. பறவைய விட்டுடுங்கன்னு சொன்னேன். விட்டுடுச்சுங்க."

சுலோசனா கிட்டே போனாள். மாலாவின் முழங்கைக்குக் கீழே சதையில்லை. எலும்பு. கழுவித் துடைத்ததுபோல் வெள்ளையாக. விரல் எலும்புகள் ஊசியைப் பிடித்து ஒரு தாழைக்கோழியின் வயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தன. முழங்கைக்கு மேலே, தோலுக்கடியில், மேடு மேடாக ஊர்ந்தது. தோளைப் பார்த்து.

தையல் அத்தனை நேர்த்தி. அப்போதும் சுலோசனாவுக்கு வயிறு எரிந்தது.

"கத்திரிய எடுங்கக்கா."

திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். விரிந்த விரல் எலும்பு. அதன் மேல் ஒரு வண்டு. நுனிவரை வந்தது. நின்றது. சுலோசனாவைப் பார்த்து.