கழுத்து வளையாத ஆறு

கோகிலவாணி நாற்காலியில் உட்காரவில்லை. நாமக்கல்லிலிருந்து ஒரே மூச்சில் கார் ஓட்டிக்கொண்டு சேலம் கோட்டைக்கு வந்தவள், ஜெராக்ஸ் கடைக்கு மேலிருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் பேசத் தொடங்கினாள்.

"பாய், எம் பையன் கந்தனைக் காலையில ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள கேஸ்ல பேரைச் சேர்த்துருவாங்களாமா. அடுத்த வாரம் அவன் ஜெர்மனிக்கு வேலைக்குக் கிளம்பணும். கேஸ் விழுந்தா விசா போச்சுங்க."

நசுருல்லா தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார். இருபத்திரண்டு வருடம் காப்பீட்டு நிறுவனங்களுக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, அவசரம் என்ற குணமே அவரிடமிருந்து உதிர்ந்துவிட்டது. அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் உதவியாளர் நர்மதா இருந்தாள். டிரைவிங் ஸ்கூலில் டைப்பிஸ்டாக இருந்து, நாற்பது வயதுக்கு மேல் துப்பறிய வந்தவள். அதற்குள் நோட்டில் மூன்று வரி எழுதிவிட்டாள்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தம்மம்பட்டி சாலையில் ஒரு வெள்ளைக் கார், வீரன் என்ற இளநீர் வியாபாரியை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. வீரனுக்கு இரண்டு கால்களும் முறிவு. பெட்ரோல் பங்க் கேமராவில் காரின் பின்பக்கம் பதிந்திருந்தது. TN 28 BQ 3636. கோகிலவாணியின் கார் நம்பர்.

"அந்த நேரம் கந்தன் எங்கே?"

"கொல்லிமலைக்குத் தனியா காரை எடுத்துட்டுப் போனானுங்க. மேல செல்போன் டவர் இல்ல. பார்த்த ஆளும் இல்ல."

"உங்க கார்ல கீறல் ஏதாவது?"

"ஒரு பொட்டு இல்லீங்க. கீழதான் நிக்குது, பாருங்க. அதுக்குள்ள சரி பண்ணிட்டீங்கன்னு சொல்றாங்க. யாரோ எம் நம்பரைத் திருடி இன்னொரு வண்டியில மாட்டியிருக்கான், பாய். எனக்கு ஆகாதவன் எவனோ."

"நம்பர் மேல உங்களுக்கு ரொம்பப் பிரியமோ?"

கோகிலவாணி முதல் தடவையாக நிமிர்ந்தாள். "அந்த நம்பருக்குக் கட்டின பணத்துல ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாமுங்க. கூட்டிப் பாருங்க, ஒன்பது."

நர்மதா மனதுக்குள் கூட்டினாள். மூன்றும் ஆறும் ஒன்பது, இரண்டு தடவை, பதினெட்டு. ஒன்றும் எட்டும் ஒன்பது. அவளுக்கு மெல்லிய பிரமிப்பு ஏற்பட்டது. கோகிலவாணியைப் போன்ற நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் முட்டை விலையில் ஐந்து பைசாவுக்காக அரை நாள் வாதாடுவதை அவள் பார்த்திருக்கிறாள். அதே ஆட்கள் ஒரு தகட்டில் பதிந்த நான்கு இலக்கத்துக்கு வாய் திறக்காமல் பணம் கட்டுகிறார்கள். அந்தத் தகடு வண்டியை இழுப்பதுமில்லை, நிறுத்துவதுமில்லை.

கோகிலவாணியின் போனில் கேமராப் படம் இருந்தது. நசுருல்லா அதைப் பெரிதாக்கி நர்மதாவிடம் நீட்டினார். "என்ன தெரியுது?"

"நம்பர் தெளிவா இருக்கு சார். ஆனா ரெண்டு ஆறும் ஒண்ணா இல்ல. முதல் ஆறு தலையைக் குனிஞ்சு வளைஞ்சு வருது. கடைசி ஆறுக்குக் கழுத்து வளையல. விறைப்பா, தலைமேல பலகை வச்ச மாதிரி நிக்குது."

"நல்லது. இப்ப கீழ போய் அம்மாவோட காரைப் பார்த்துட்டு வா."

நர்மதா படிகளில் ஓடினாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "இதுல ரெண்டு ஆறும் ஒரே அச்சு சார். ரெண்டும் குனிஞ்சுதான் இருக்கு."

"தலையில பலகை இருக்கிற எண் எது?"

நர்மதா நோட்டின் ஓரத்தில் எழுதிப் பார்த்தாள். பேனா நின்றது. "அஞ்சு."

"அஞ்சோட கீழ்வயிற்றில இடது பக்கம் ஒரு வாய் திறந்திருக்கும். அதைக் கருப்பு டேப்பால மூடினா ஆறு. யாரும் உங்க நம்பரைத் திருடலம்மா. திருடுறவன் புதுத் தகடே அடிச்சிருப்பான். இது தன் சொந்தத் தகட்டைத் திருத்திக்கிட்ட ஆள். அவன் நிஜ நம்பர் 3635."

"எதுக்குங்க திருத்தணும்?"

"நீங்களே கூட்டிப் பாருங்க."

கோகிலவாணியின் உதடு அசைந்தது. பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. சனியின் எண். அவள் இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போலீஸை ஏமாத்த ஒட்டின டேப் இல்ல அது," என்றார் நசுருல்லா. "சனீஸ்வரனை ஏமாத்த ஒட்டினது. அதுக்கு அடுத்த நம்பர் உங்களோடதா இருந்ததுதான் உங்க பையனோட நேரம்."

"3635 பூபதியோடதுங்க," என்றாள் கோகிலவாணி மெதுவாக. "லாரி பாடி கட்டுற பூபதி. ஒரே நாள்ல ரெண்டு பேரும் ஒரே மாதிரி வெள்ளைக் கார் எடுத்தோம். வரிசையில வந்த நம்பர் அவனுக்கு. 3636-ஐ எனக்கு உட்டுக்குடுங்கக்கான்னு ஊட்டுக்கே வந்து கெஞ்சினான். நான் மாட்டேன்னுட்டேன்."

"ஆனா சார்," என்றாள் நர்மதா, "இடிச்சுட்டு வந்ததும் டேப்பைப் பிச்சு எறிஞ்சிருப்பாரே. நாம போய் எதைக் காட்டுறது?"

"போய்ப் பார்ப்போம்," என்று எழுந்த நசுருல்லா, கந்தனை விசாரிக்கும் உதவி ஆய்வாளருக்குப் போன் செய்து நாமக்கல்லுக்கு வரச் சொன்னார்.

பூபதியின் பட்டறையில் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. பாதி கட்டிய லாரிக்குப் பின்னால், தார்ப்பாய் போர்த்திய ஒரு கார். உதவி ஆய்வாளர் தார்ப்பாயை விலக்கினார். முன்பக்க பம்பர் விரிசல் விட்டிருந்தது. இளநீர் மட்டையின் நார் கிரில்லில் சிக்கியிருந்தது. நர்மதா பின்பக்கம் ஓடினாள்.

3636. டேப் ஒட்டியபடியே இருந்தது. நசுருல்லா நகத்தால் ஒரு ஓரத்தைத் தூக்க, அடியில் ஐந்து தன் வாயைத் திறந்தது.

பூபதி தப்பிக்கப் பார்க்கவில்லை. கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி நின்றான்.

"ஆளைத் திரும்பியாவது பார்த்தீங்களா?" என்று கேட்டார் நசுருல்லா.

"கண்ணாடியில பார்த்தேனுங்க. எந்திரிச்சு உக்காந்தாரு. பயத்துல வண்டியை உட்டுட்டேன்."

நர்மதாவால் பொறுக்க முடியவில்லை. "மூணு நாளாச்சு. இந்த டேப்பை எடுத்திருந்தா கேமராவுல இருக்கிறது உங்க வண்டின்னு யாரும் நிரூபிச்சிருக்க முடியாது. ஏன் எடுக்கல?"

பூபதி அவளை விசித்திரமாகப் பார்த்தான். "எடுத்தா எட்டாயிருமுங்களே. ஒன்பதா இருந்ததாலதான் அந்த மனுசன் கால் முறிஞ்சதோட தப்பிச்சாரு. எட்டா இருந்திருந்தா உசுரே போயிருக்கும்."

பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தும் விரற்கடை அளவு டேப்பைப் பிரிக்க அஞ்சிய அந்த மனிதனை, நர்மதா பெரிய மலையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஸ்கூட்டர் விலைக்கு விற்பது இலக்கமல்ல, இந்த அச்சம்தான் என்று அவளுக்கு விளங்கியது.

உதவி ஆய்வாளர் போனில் பேசினார். "கந்தனை அனுப்பிடுங்க. பேர் சேர்க்க வேண்டாம்." கோகிலவாணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பூபதியின் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து சேர்த்து வைத்த வசவு முழுவதும் அவள் முகத்துக்கு வந்துவிட்டது.

உதவி ஆய்வாளர் காகிதத்தை பானெட்டின் மேல் வைத்து எழுத ஆரம்பித்தார். "வாகன எண், TN 28 BQ..."

"சார்." பூபதி கைகூப்பினான். "ஜெயிலுக்கு வேணாலும் வாரேனுங்க. அவருக்கு ஆஸ்பத்திரியில என்ன செய்யணுமோ செஞ்சுடறேன். அந்தக் காகிதத்துல மட்டும் ஒன்பதாவே எழுதிக்குங்க. கேஸ் எட்டுல ஆரம்பிச்சா முடியவே முடியாதுங்க."

"யோவ், அது அந்தம்மா வண்டி நம்பர்யா," என்றார் உதவி ஆய்வாளர்.

திட்ட வாயெடுத்த கோகிலவாணி நின்றுவிட்டாள். விரல்களில் எதையோ கூட்டிப் பார்த்தாள்.

"பூபதி சொல்றதும் நிசந்தானுங்க சார்," என்றாள். "நம்பரை வேணும்னா அடுத்த வரியில எழுதிக்குங்க. முதல் வரியில தேதியைப் போடுங்க. இன்னைக்குத் தேதி கூட்டினா அஞ்சு வருது, நல்லதுதான்."