நாங்க ரெடிக்கா

தங்கையைக் கூட்டிவர ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலை பதினொரு மணி. அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியின் கட்டடம் இடிந்து, முப்பது மணி நேரம் இடிபாட்டுக்கு அடியில் கிடந்தவள். தோளில் மட்டும் அடி, பிழைத்ததே பெரிது என்றார்கள்.

"கிளம்பலாமாடி?"

"நாங்க ரெடிக்கா."

அறையில் அவள் ஒருத்திதான். என்னைச் சேர்த்திருந்தால் 'நாம' என்றிருப்பாள். என்னை விட்டுவிட்டு வேறு யாரையோ சேர்த்திருந்தாள். மடச்சி எனக்கு அப்போது உறைக்கவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் அவளுடைய எட்டு மாதக் குழந்தை அவளிடம் தாவியது. அவள் தூக்கவில்லை. குழந்தை கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"பெத்தவதானே நீ? மனசா கல்லாடி?"

"இந்தக் கை என்னோடது இல்லக்கா. அவளோடது."

"எவளோடது?"

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கைக் காட்டினாள்.

அங்கே யாரும் இல்லை.

ஆனால் யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

தங்கை என் பக்கத்தில் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மனநல மருத்துவரிடம் போய் அழுதேன். "தாங்க முடியாத வலி வந்தா மனசு தன்னை ரெண்டாப் பிரிச்சு ஒதுங்கிக்கும். அப்படித்தான் இவங்க தாக்குப் பிடிச்சாங்க. விரட்டாதீங்க. ஆபத்து முடிஞ்சுதுன்னு மெதுவா சொல்லிட்டே இருங்க," என்றார் அந்த அம்மா. மூச்சுச் சத்தத்தை நான் சொல்லவில்லை.

இரண்டு மாதம் மத்தியானந்தோறும் இடுக்கின் முன் உட்கார்ந்தோம். தங்கை வெறுங்காலைத் தரையில் ஊன்றி, கண்ணில் பட்டதையெல்லாம் பேர் சொல்வாள். கதவு, வாளி, குழந்தை. நான் பயத்தை விழுங்கிக்கொண்டு இடுக்கைப் பார்த்துச் சொல்வேன், "முடிஞ்சுதும்மா. வெளிய வந்தாச்சு."

ஒரு நாள் தங்கையே இடுக்கைப் பார்த்துப் பேசினாள்.

"என் வலியெல்லாம் நீ பட்டுட்டே. போதும். வா, நாம குழந்தைய தூக்கலாம்."

நாம.

மூச்சுச் சத்தம் நின்றது.

"அக்கா, வலிக்குதுக்கா!" தோளைப் பிடித்துக்கொண்டு அலறினாள். ஒருத்தி வலிக்கிறது என்று சொல்லி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. குழந்தையை வாரி அணைத்துச் சாயங்காலம்வரை அழுதாள்.

குளிப்பாட்டலாம் என்று குழந்தையை வாங்கித் திருப்பினேன். சட்டையின் முதுகில், சிமெண்ட் தூசியில், ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது. தங்கையின் கைகளைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன.

நான் பதறிச் சட்டையைக் கழற்றப்போனேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம்க்கா, அவளும் கொஞ்ச நேரம் குழந்தைய வச்சிருக்கட்டும்."