என்ஜின் ஆறுகிற சத்தம்

சத்தம் நயினாருக்குக் கேட்டது. அதுதான் சரியாகப் படவில்லை.

கரமனை ஆற்றோர ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரையில் இடவப்பாதிப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. அது அவருக்குக் கேட்கவில்லை. எதிரே வழி மறித்த மாட்டைப் பார்த்து பஸ்காரன் ஹார்னை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், அதுவும் கேட்கவில்லை. ராஜையனின் பழைய லாரிக்குள்ளிருந்து மட்டும் டிக், டிக் என்று ஒன்று, காதுக்குள்ளேயே யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

காது போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. யாருக்கும் தெரியாது. சொல்ல நாக்கு எழவில்லை. இரும்புக் கம்பியின் ஒரு முனையை என்ஜினில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தால் போதும், நயினார் ஆசான் கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார் என்று நெடுமங்காடு வரைக்கும் பேச்சு. அந்தப் பேச்சில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. ஆகவே இப்போதும் கம்பியை வைப்பார், கண்ணை மூடுவார், தலையாட்டுவார். எதிராளி பேசுவதை உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்ளப் பழகியிருந்தார்.

"ஒரு டிரைவரும் இதுல ஏற மாட்டேங்கான் ஆசானே. டிக்டிக்குன்னு சத்தமாம். எனக்கு ஒண்ணும் கேக்கல. நீங்க பாத்துச் சொல்லுங்க," என்று லாரியை விட்டுவிட்டு ராஜையன் சாயா குடிக்கப் போயிருந்தான்.

வால்வைத் தட்டுகிற டாப்பெட்டாக இருக்கும் என்று மூடியைக் கழற்றி, இடைவெளியில் தகடு விட்டுப் பார்த்துச் சரிசெய்தார். சத்தம் போகவில்லை. டீசல் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்த்தார். என்ஜின் தள்ளாடியதே தவிர சத்தம் மாறவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினார். என்ஜினுக்குள் இருக்கிற சத்தமென்றால் என்ஜினோடு சேர்ந்து ஓடவேண்டும். இது ஓடவில்லை. அதே நிதானம். மூன்று தட்டு. ஓர் இடைவெளி. மறுபடி மூன்று தட்டு.

என்ஜினை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை.

டீசல் நெடிக்குள்ளிருந்து ஈரத் தேயிலை வாசனை எழுந்தது.

மாசி மாதம் போனக்காட்டு எஸ்டேட்டில் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வளைவில் உருண்டது இதே லாரிதான். தேடப் போனவர்களில் அவரும் இருந்தார். அந்தி மயங்கி, மஞ்சு புகைபோல இறங்கி, பள்ளத்துக்குள் லாரி இருக்குமிடமே தெரியவில்லை. டிரைவர் பிச்சைக்கனி வெளியே எகிறி விழுந்திருப்பான் என்று ஆட்கள் மேட்டுப் பக்கம் தேடினார்கள். அப்போதுதான் ராஜையன் பெட்ரோமாக்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக வந்தான்.

"ஆசானே, கீழ டிக்டிக்குன்னு கேக்கு. ஆளு உள்ள இருப்பானோ?"

எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவருக்கு ஒரு இழவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

"என்ஜின் ஆறுது. அவ்வளவுதான்," என்றார்.

சூடான இரும்பு ஆறும்போது அப்படித்தான் தட்டும். ஆசான் சொன்னால் சொன்னதுதான். மஞ்சு விலகட்டும் என்று எல்லாரும் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். விடிந்து இறங்கிப் பார்த்தபோது பிச்சைக்கனி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்தான். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அவன் வெள்ளி மோதிரம் தட்டித் தட்டி டாஷ்போர்டுத் தகரத்தில் குழியே பறித்திருந்தது. நயினாரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து பிச்சைக்கனியின் பெண்டாட்டி எதிரே வந்தால் அவர் சந்துக்குள் நுழைந்துவிடுவார்.

கம்பியை எடுத்தார். என்ஜினில் ஊன்றினார். சத்தம் எங்கோ தூரத்தில். கியர்பெட்டியில் ஊன்றினார். கொஞ்சம் பக்கத்தில். வேறு வழியில்லாமல் கேபினுக்குள் ஏறி டாஷ்போர்டில் ஊன்றினார்.

மண்டை அதிர்ந்தது.

அந்தக் குழியைப் பட்டி பூசி, பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். அதே இடம். பெயிண்டில் ஒரு கீறல். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பொருக்கு உதிர்ந்தது. டிக். இன்னொன்று. டிக். டிக்.

கம்பியை அங்கேயே போட்டுவிட்டுக் குதித்தார். வாசலில் குடையோடு ராஜையன் நின்றான். கூடவே ஒரு புது டிரைவர்.

"என்னாச்சு ஆசானே? வல்ல சத்தமும் கேட்டுதா?"

சொல்லிவிடலாம். இப்போது கேட்கிறது என்று. அன்றைக்குக் கேட்கவில்லை என்று. முதுகுக்குப் பின்னால் டிக் டிக் டிக். கெஞ்சுகிறது. சொல்லேன். வாயைத் திறந்தார்.

"ஒண்ணுமில்லப்பா. என்ஜின் ஆறுது. அவ்வளவுதான்."

சத்தம் நின்றது.

நயினார் மூச்சு விட்டார். தான் விட்ட மூச்சுகூட அவருக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தார்.

லாரியின் முன்கண்ணாடியில், உள்பக்கமாக, ஆவி படர்ந்தது. யாரோ மிக நெருங்கி மூச்சு விட்டதுபோல் ஒரு வட்டம். அதற்குப் பின்னால் ஒரு வாய். அசைந்தது. உதட்டைப் படித்துப் பழகிய கண்ணை அவரால் மூட முடியவில்லை.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னிய ஆசானே. கீழ எனக்குக் கேட்டுது."

ஒரு விரல் எழுந்து வந்தது. சதை இல்லை. எலும்பில் மோதிரம் தொங்கியது. கண்ணாடியில் தட்டியது. மூன்று தட்டு. ஓர் இடைவெளி. மூன்று தட்டு. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ராஜையனின் கையிலிருந்து குடை நழுவியது. புது டிரைவர் சுவரோடு ஒட்டிக்கொண்டான். இருவரும் லாரியைப் பார்த்தார்கள். பிறகு, மெல்ல, நயினார் பக்கம் திரும்பினார்கள்.

"ஆசானே," ராஜையனின் உதடு நடுங்கியது. "அது என்ன சத்தம்?"

கண்ணாடிக்குப் பின்னால் விரல் தட்டுவதை நிறுத்தியது. பதிலுக்காக.