அடுக்களைப் போன்

தாஜ் முகம்மது செருப்பை வாசலிலேயே கழற்றினான். 1999-ல் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குச் சாமி அறையின் மரியாதை. தூசி ஆகாது என்று நமச்சிவாயம் ஜன்னல்களை அடைத்து, திரை போட்டு, மானிட்டர் நெற்றியில் சந்தனமும் வைத்திருந்தார். ஞாயிறு காலை ஏழரை மணிக்குக் கூடத்தில் அந்தி இருட்டு.

பேட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த தாஜுக்கு அந்த வீட்டுக்கு இது மூன்றாவது நடை. பழுது பார்க்க மூன்றாவது முறை வருகிறவனுக்கும், பெண் பார்க்க மூன்றாவது முறை வருகிறவனுக்கும் வரவேற்பு ஒரே மாதிரிதான்.

"வாரும் வே. இன்னைக்காவது பேத்தி மூஞ்சியைக் காட்டுவீரா, இல்ல நெத்தியோட சரியா?"

நமச்சிவாயம் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதி வீடு அவர் கையெழுத்தில்தான் கைமாறியது. அவர் வீட்டில் இப்போது அவர் ஒருத்தர்தான். மனைவி கோமு போய்ச் சேர்ந்து எட்டு மாதம். ஒரே மகன் மகேஷ் அமெரிக்காவில். பிறந்த பிள்ளையின் படத்தை அவன் ஈ-மெயிலில் அனுப்பி மூன்று வாரமாகிறது. படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். குல்லா வரும், நெற்றி வரும், புருவம் வரும். அத்தோடு வேகம் நொண்டி, இணைப்பு அறுந்துவிடும்.

போன் லைனில் இன்டர்நெட்டை இழுக்கிற மோடத்தைத் தாஜ் மாற்றியாயிற்று. ஒயரை மாற்றியாயிற்று. லைன்மேன் வந்து பார்த்து, லைன் சுத்தம் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார். போன வாரம் தனக்கு வந்த, இதைவிடப் பெரிய படமொன்றை அதே லைனில் இறக்கிப் பார்த்தான் தாஜ். ஓட்டமாய் ஓடி வந்தது. மகேஷின் மெயிலைத் திறந்தால்தான் நொண்டியது. ஆள் பார்த்து நடப்பது வியாபாரிகளின் குணம். மெஷினுக்கு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை.

இன்றும் டயல் செய்தான். மோடம் கீச்சிட்டது, இரைந்தது, அடங்கியது. குல்லா. நெற்றி. புருவம்.

நின்றது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒரே லைனில் இன்னொரு போனை யாராவது எடுத்தால் இப்படித்தான் நொண்டும்.

"அண்ணாச்சி, வீட்டுல வேற பேரலல் போன் ஏதும் இருக்கா?"

"அடுக்களைல ஒண்ணு இருந்துச்சு. அவ போனதும் கழட்டி வச்சிட்டேன். எனக்குச் சாப்பாடு மெஸ்ஸுல இருந்துல்லா வருது, அங்கன யாரு போறா?"

தாஜ் கூடத்துப் போனை எடுத்துக் காதில் வைத்தான். மோடத்தின் இரைச்சல் அறுந்தது. அதற்கு அடியில் வேறொரு சத்தம்.

கடுகு வெடித்தது.

கூடவே, கையால் வாயைப் பொத்திக்கொண்டு விடுகிற மூச்சு.

அவன் போனை வைத்துவிட்டு அடுக்களைக்கு நடந்தான். கதவைத் தள்ளியதும் முதலில் வாசம் வந்தது. காய்ந்த நல்லெண்ணெய், பெருங்காயம், கறிவேப்பிலை. ஆனால் அடுப்பில் சிலந்தி வலை. மேடையில் எட்டு மாதத் தூசி. சுவரில் வெட்டிய ஒயரின் நுனியில் கறுப்பு டேப். அங்கிருந்து ஒரு முழம் தள்ளி, அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒயரைச் சுருட்டிக் கட்டி வைத்த பச்சைப் போன்.

ரிசீவரைத் தொட்டான்.

சூடாக இருந்தது.

வெகுநேரம் காதோடு ஒட்டி வைத்திருந்த சூடு.

"என்ன வே?" நமச்சிவாயம் பின்னால் நின்றார்.

"இதுல யாரு பேசுவாங்க, அண்ணாச்சி?"

"பேச மாட்டா," என்றார் அவர். "கேப்பா."

வாசம் அவருக்கும் எட்டியிருந்தது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார்.

"மகேஷ் எங்ககிட்டச் சொல்லாம அங்கனயே கட்டிக்கிட்டான். அன்னைல இருந்து அவன்கூடப் பேச மாட்டேன்னுட்டா. ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்குக் கூப்பிடுவான். நான் கூடத்துல எடுப்பேன். இவ இங்கன பைய எடுத்து, வாயைப் பொத்திக்கிட்டு நிப்பா. தாளிச்சது கருகினாலும் வைக்க மாட்டா. 'அம்மா எங்க'ம்பான். 'தூங்குதா'ம்பேன். அவதான் அப்படிச் சொல்லச் சொன்னா."

"எத்தனை நாளு?"

"மூணு வருஷம். அம்மா தன்னை வெறுத்துட்டே போயிட்டான்னு நினைக்கான். காரியத்துக்கு வந்தவன் இந்த அடுக்களைக்குள்ள காலு வைக்கலை. அப்புறம் போனும் கிடையாது. மெயில்தான்."

தாஜுக்கு விளங்கியது. மகன் குரலைக் கேட்கலாம் என்று மூன்று வாரமாக ஓடிவந்து எடுத்தவள் காதில் விழுந்ததெல்லாம் மோடத்தின் கீச்சுதான்.

கூடத்தில் போன் அடித்தது.

மணி எட்டு.

மகேஷ்தான், காரியத்துக்கு வந்து போனபிறகு முதல்முறையாக. படம் வந்ததா, ஏன் பதிலே இல்லை என்று கேட்டது பக்கத்தில் நின்ற தாஜுக்கும் கேட்டது. நமச்சிவாயம் அடுக்களைக் கதவையே பார்த்தார்.

"மகேஷ், அம்மா தூங்கலை லே."

"என்னப்பா?"

"ஒருநாளும் தூங்கலை. எல்லா வாரமும் அடுக்களைல நின்னு நீ பேசுததைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. நான்தான் பொய் சொன்னேன்."



"அப்ப... நான் பேசும்போதெல்லாம் கடுகு வெடிக்குமே," என்றான் மகேஷ்.

"ஆமா லே."

"இப்பவும் கேக்குதேப்பா. யாருப்பா அங்கன?"

அமெரிக்காவில் ஒரு குழந்தை முழித்துக்கொண்டு சிணுங்கியது. மகேஷ் அதைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்திருக்க வேண்டும். சிணுங்கல் பெரிதாகி வீடெங்கும் நிறைந்தது.

கடுகுச் சத்தம் அடங்கியது.

மகேஷ் அழுதுகொண்டே வைத்தான். நமச்சிவாயம் வைத்தார்.

மூன்றாவதாக, அடுக்களைக்குள்ளிருந்து, ஒரு 'டக்'.

அதன்பிறகு டயல் செய்தபோது படம் நாலே நிமிஷத்தில் முழுசாக இறங்கியது. கண்ணும், கோமுவின் மூக்கும்.

இரண்டு மாதத்தில் மகேஷே வந்து அப்பாவை ஆறு மாதத்துக்கு அழைத்துப் போனான். வீட்டுச் சாவி தாஜிடம். வாரம் ஒருமுறை கம்ப்யூட்டரை ஓடவிட வேண்டும். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் போய் ஓட்டமாகத் திரும்புவான். அந்த வீட்டுத் தனிமை அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டு பேட்டைவரைக்கும் வந்தது.

மகேஷிடமிருந்து மெயில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கு, தாஜ் கடையிலிருந்து அந்த வீட்டு நம்பரை அழுத்தினான். ஏன் என்று அவனுக்கே தெரியாது.

என்கேஜ்டு. பூட்டிக் கிடக்கிற வீடு.

அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கும் அழுத்தினான். முதல் மணி அடித்து முடிவதற்குள் யாரோ எடுத்தார்கள்.

கடுகு. பொத்திய மூச்சு.

வைத்துவிட நினைத்தான். கை வரவில்லை.

"ஆச்சி," என்றான். "நான் பேட்டை தாஜு. அண்ணாச்சி அங்கன மகேஷோட இருக்காக. இந்த லைனுல இனி மகேஷ் கூப்பிட மாட்டான்."

கடுகு நின்றது.

காத்திருப்பது தெரிந்தது.

"பிள்ளைக்குப் பல்லு முளைச்சிருக்காம், ஆச்சி."

வாயைப் பொத்தியிருந்த கை மெல்ல விலகியது. மூச்சு தெளிவாக, வெகு பக்கத்தில் கேட்டது.

"அப்புறம்?" என்றது.